கழுத்தில் குளிர்

காசவ்வா இந்த முறை கம்பளியோடு வந்திருந்தாள். பியாடகியில் மிளகாய்க் காம்பு கிள்ளும் வேலை அவளுக்கு. முதல் பஸ் பிடித்து ஹூப்ளிக்கு வந்திருக்கிறாள். கம்பளியிலிருந்து அடித்த நெடியில், ஊசியைக் கையில் எடுத்ததுமே எனக்குத் தும்மல் வந்துவிட்டது.

"உங்க ஸ்கேன் ரூமுக்கு இது வேணும்க்கா. எங்க ஊர்ல மிளகாய் கெடாம வெக்கிற கோல்ட் ஸ்டோரேஜ்கூட இவ்ளோ குளிராது" என்றாள்.

தவறு என்னுடையதுதான். போன வாரம் அவள் வந்தபோது, சலவைக்குப் போன போர்வைகள் திரும்பி வந்திருக்கவில்லை. கதிர்வீச்சுள்ள சர்க்கரையை ஊசியில் ஏற்றி, ஒரு மணி நேரம் அசையாமல் படு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவள் நடுங்கிக்கொண்டே கிடந்திருக்கிறாள். படத்தில் கழுத்தின் இரண்டு பக்கமும் தோள்களும் பளீரென்று எரிந்தன. ஐந்து வருடமாக அவளுக்கு இருப்பது மெதுவான வகை நிணநீர்ப் புற்று. அது சர்க்கரையைக் கொஞ்சமாகத்தான் தின்னும், படத்தில் மங்கலாகத்தான் தெரியும். வேகமான வகையாக மாறிவிட்டால் இப்படி எரியும். அதற்கான மருந்தை அவள் இதயம் தாங்காது என்று டாக்டர் இனாம்தார் முன்பே சொல்லியிருந்தார்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கே. குளிர்ல உடம்பு சூட்டுக்காகக் கொழுப்ப எரிச்சாலும் இப்படித்தான் தெரியும். சூடா வெச்சு இன்னொரு தடவ எடுங்க" என்றார் அவர்.

இதை நான் காசவ்வாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவள் புருஷன் பக்கீரப்பா வாரம் முழுக்க மிளகாய் மண்டியில் எல்லோரிடமும், "ஒண்ணுமில்லயாம், ஏசிக் குளிராம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தானாம்.

இன்று ஏசியை அணைத்துவிட்டு, கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் படம் மெல்லத் திரையில் இறங்கியது. இரண்டு தோள்களும் இருட்டு. கழுத்தின் வலப்பக்கமும் இருட்டு. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இடது காறையெலும்புக்கு மேலே ஒன்று மட்டும் அணையவில்லை. போன வாரம் அத்தனை வெளிச்சத்துக்குள் அது ஒளிந்திருந்திருக்கிறது.

டாக்டர் வந்து வெகுநேரம் பார்த்தார். "அந்த இடத்துல சதை எடுத்துப் பாக்கணும்."

"பாத்து?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

உள்ளே காசவ்வா எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"குளிர்தானேக்கா?"

"டாக்டர் சொல்லுவாரும்மா."

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் ஊசித் தட்டை எடுத்து அடுக்கினேன்.

"இன்னொரு கம்பளி கொண்டாந்திருக்கணும்" என்றாள். வியர்த்துக் கொட்டும் கழுத்தைச் சுற்றிக் கம்பளியை மறுபடியும் இறுக்கிப் போர்த்திக்கொண்டாள்.