செவ்வாய்க்கிழமைப் பெற்றோல்

நாகேஸ்வரி தன் காருக்கு ஒருநாளும் தாங்கி நிறையப் பெற்றோல் அடித்ததில்லை. நிறைய அடித்தால் மாதத்துக்கு ஒருமுறைதான் பெற்றோல் செற்றுக்குப் போகவேண்டி வரும். கொஞ்சம் கொஞ்சமாக அடித்தால் ஒவ்வொரு செவ்வாயும் போகலாம். கணவன் பஞ்சலிங்கம் காலமான பிறகு அவள் கண்டுபிடித்த உபாயம் இது. வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும் என்று சொல்லவில்லை. சிரிக்கிறவர்களுக்கு என்ன தெரியும்? வீட்டில் கதைக்க ஆள் இருப்பவர்கள்தான் சிரிப்பார்கள்.

முப்பது வருஷம் தபாற்கந்தோரில் முத்திரை விற்று, மணியோடர் கொடுத்து, ஊர் முழுவதோடும் கதைத்துக் களைத்தவள் அவள். பிள்ளைகள் இல்லை. இப்போது நீர்வேலியில் வாழைகளுக்கு நடுவே ஒரு வீடு, ஒரு சின்ன வெள்ளைக் கார், அவள். காலையில் கேற்றைத் திறப்பது பின்னேரம் சாத்துவதற்காகத்தான் என்று ஆகிவிட்டது. சொந்தக்காரர்கள் வந்தால் 'பாவம்' என்கிற முகத்தோடு வருவார்கள், தேத்தண்ணி ஆறமுதல் போய்விடுவார்கள்.

கோப்பாய்ச் செற்றில் பெற்றோல் அடிக்கும் கோபிசங்கர் மட்டும் அந்த முகத்தை மாட்டிக்கொண்டதில்லை. முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளின் தகப்பன், வாய் ஓயாதவன். ஊர் முழுக்க அவளை 'அம்மா' ஆக்கிவிட்ட பிறகும் அவன் 'அக்கா' என்றுதான் கூப்பிட்டான்.

“வாங்கோ அக்கா. இண்டைக்கு என்ன கறி?”

“கத்தரிக்காய்ப் பால்கறியும் சொதியும்.”

“ஒராளுக்குச் சொதியோ? உங்களுக்கு வேறை வேலையில்லை!”

அடிக்கத் தொடங்கமுதல் மீற்றரில் சைபரைப் பார்க்கச் சொல்வது செற்றின் ஒழுங்கு. அவளுக்கும் முதல்நாள் சொன்னான். “உம்மிலை நம்பிக்கை இல்லாட்டி நான் ஏன் தம்பி இங்கை வாறன்?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவன் சொல்லவுமில்லை, அவள் பார்க்கவுமில்லை. மிச்சமான அந்த நேரத்தையும் கதைக்கே செலவழித்தார்கள்.

பஞ்சலிங்கத்தின் முதலாம் வருஷ ஆட்டைத் திவசம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. கீரிமலைக்குப் போய்க் கிரியை செய்வதாக ஏற்பாடு. முதல்நாள் பின்னேரம் பார்த்தால் காரில் பெற்றோல் அடிமட்டத்தில் நிற்கிறது. அப்போதுதான் அவளுக்குக் களஞ்சிய அறையில் இருந்த பிளாஸ்ரிக் கான் நினைவுக்கு வந்தது. இரண்டாயிரத்து இருபத்திரண்டில், நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது, பஞ்சலிங்கம் இரண்டு இரவு காருக்குள் படுத்துக் கிடந்து வாங்கிவந்து சேமித்த கான். கறுப்புப் பேனாவால் கொட்டை எழுத்தில் 'பெற்றோல்' என்று அவரே எழுதியிருந்தார். அவர் வாங்கி வைத்த பெற்றோலிலேயே அவருடைய திவசத்துக்குப் போனால் எவ்வளவு பொருத்தம்! கண் கலங்கக் கலங்க, புனல் வைத்து அதைக் காருக்குள் விட்டாள். அடியில் ஒரு கோப்பையளவு மிஞ்சியது. அதை ஊற்ற மனம் வரவில்லை. கானை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

விடிந்ததும் கோப்பாய்க்குப் போய்க் கோபியிடம் வழக்கம்போலக் கொஞ்சம் அடித்துக்கொண்டு புறப்பட்டாள். உரும்பிராய் தாண்டவில்லை. கார் இருமியது, குலுக்கியது, பின்னால் வெள்ளைப் புகை கக்கியது, நடுவீதியில் நின்றே போனது. திவசச் சாமான் எல்லாம் பின் சீற்றில் கிடந்தன. கடைசியில் ஓட்டோ பிடித்துக் கீரிமலைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. காத்திருந்து சலித்துப் போன ஐயர் அரைமணியில் காரியத்தை முடித்தார். ஒரு மனிதனுக்கு வருஷத்தில் ஒருநாள், அதுவும் இப்படி அவசரத்தில் போயிற்றே என்று அவள் கடலைப் பார்த்துக்கொண்டு அழுதாள்.

கொக்குவிலில் கராஜ் வைத்திருந்த பொன்னம்பலம் காரை இழுத்துப் போய், தாங்கியிலிருந்து ஒரு போத்தலில் பிடித்து, முகர்ந்து பார்த்தார். ஒரு துளியைக் காகிதத்தில் விட்டார்.

“பெற்றோலெண்டால் காகிதத்திலை ஒரு அடையாளமும் நிக்காது, பறந்திடும். இது பாருங்கோ, எண்ணெய் மாதிரிப் படிஞ்சு கிடக்கு. மண்ணெண்ணெய் கலந்திருக்கு அம்மா. பிளக், இன்ஜெக்ரர் எல்லாம் போச்சு. எங்கை அடிச்சனீங்கள்?”

“கோப்பாயிலை. இண்டைக்குக் காலமை.”

பொய்யில்லை. கானைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. மறைக்கவேண்டும் என்றல்ல. பஞ்சலிங்கம் கிணற்றுத் தண்ணீரையே துணியால் வடித்துக் குடித்த மனிதர். அவர் வைத்ததில் பிழை இருக்கும் என்று எண்ணுவதே அவளுக்குப் பாவமாகப் பட்டது. அதோடு, அந்தக் கான் அவளுக்கும் அவருக்கும் இடையில் உள்ள விஷயம். கராஜ்காரருக்கு அது எதற்கு?

அன்றிரவே செற் முதலாளி இராசநாயகத்துக்குக் கடிதம் எழுதினாள். தபாற்கந்தோர்க் கை, சும்மா சொல்லக்கூடாது. திகதி, நேரம், அடித்தவரின் பெயர், மண்ணெண்ணெய்ப் பம்பும் பெற்றோல் பம்பும் அருகருகே இருப்பது, அடிக்கும்போது அவர் கதையில் கவனமாக இருந்தது, எல்லாவற்றையும் இலக்கமிட்டு எழுதினாள். அந்தக் கதை தன்னோடு கதைத்த கதைதான் என்று மட்டும் எழுதவில்லை.

கடிதத்தை யாரோ படம்பிடித்து வட்ஸ்அப்பில் விட்டார்கள். அவ்வளவுதான். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிள்களுக்கெல்லாம் ஒரே நாளில் இருமல் வந்துவிட்டது. பழைய புகையைக்கூட அந்தச் செற்றின் தலையில் கட்டினார்கள். நாகேஸ்வரியின் கேற்றடிக்கு ஆட்கள் வந்தார்கள். “வடிவாய்க் கேட்டிருக்கிறியள் அம்மா, விடாதையுங்கோ” என்றார்கள். ஒரு கிழமையாகத் தேத்தண்ணிக் கேத்தில் அடுப்பால் இறங்கவில்லை. உள்ளதைச் சொன்னால், ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் வீட்டில் சத்தம் கேட்டது அந்தக் கிழமைதான். அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

அடுத்த திங்களன்று இராசநாயகமே தொலைபேசி எடுத்தார். திருத்தச் செலவில் பாதியைத் தானே தருவதாகச் சொன்னார். “அவன் கோபியை நிப்பாட்டிப் போட்டன் அம்மா. மண்ணெண்ணெய்ப் பம்பும் அவன்தான் பாத்தவன். எனக்கும் பேர் முக்கியமெல்லே.”

தொலைபேசியை வைத்தபிறகுதான் அவள் தன் கடிதத்தை நினைத்துப் பார்த்தாள். கோபியை நிறுத்தச் சொல்லி அவள் எழுதவில்லையே. ஆனால் பேரைப் போட்டு எழுதியவள் அவள்தானே. மறுநாள் செவ்வாய். காரும் இல்லை, போக இடமும் இல்லை. முற்றத்தைக் கூட்டினாள். கூட்டிய முற்றத்தையே திரும்பவும் கூட்டினாள். பிறகு களஞ்சிய அறைக்குப் போய், அந்தக் கானுக்கு முன்னால் நின்றாள்.

மூடியைத் திறந்து முகர்ந்தாள். கராஜில் போத்தலிலிருந்து வந்த அதே மணம். நாட்காட்டியில் போன நாளின் தாள் ஒன்றைக் கிழித்து, ஒரு துளி விட்டுப் பார்த்தாள். ஐந்து நிமிஷம் பார்த்தாள், பத்து நிமிஷம் பார்த்தாள். பறக்கவில்லை. திகதி இலக்கத்துக்கு மேல் எண்ணெய் வட்டமாகப் படிந்து கிடந்தது.

கானை வெளிச்சத்துக்குத் தூக்கிவந்தாள். சுவர்ப் பக்கம் பார்த்தபடி இருந்த, அன்று கலங்கிய கண்ணுக்குப் படாத முகத்தை அப்போதுதான் முதல்முறை கண்டாள். அங்கேயும் எழுத்து இருந்தது. பஞ்சலிங்கத்தின் கடைசி வருஷத்து எழுத்து. கண் மங்கி, காரை அவளிடமே ஓடக் கொடுத்துவிட்ட காலத்தில் எழுதிய கோணல் எழுத்து.

'பாதி மண்ணெண்ணெய். இறைக்கிற மிசினுக்கு. நாகு, காருக்கு விடாதை.'

தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் அந்தப் பழைய மிசின் எதைக் குடித்தாலும் ஓடும். யுத்த காலத்தில் பெற்றோல் கண்ணில் படாதபோது மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓடிய ஆட்கள் இந்த ஊர் ஆட்கள். கலந்து ஊற்றுவது பஞ்சலிங்கத்துக்குப் பல்விளக்குவது போல. தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் மிசினுக்குக் கலந்துதான் விட்டார். அவர் போனதும் தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்து, மிசினையும் விற்றாள். கான் மட்டும் மிஞ்சியது. கலந்தவர் மறக்காமல் அவளுக்குச் சொல்லிவைத்துத்தான் போயிருக்கிறார். திருப்பிப் பார்க்காதது அவளுடைய பிழை.

'நாகு' என்று அவளைக் கூப்பிட இந்த உலகத்தில் ஒருவருமில்லை. ஒரு வருஷத்துக்குப் பிறகு கேட்ட முதல் 'நாகு' இது. அவள் கானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சீமெந்து நிலத்தில் இருந்து அழுதாள்.

பேசாமல் விட்டிருக்கலாம். யாருக்குத் தெரியும்? கானைக் கழுவி வைத்தால் கதை முடிந்தது. முதலாளி பாதிக் காசு தருகிறார், ஊர் அவள் பக்கம் நிற்கிறது. அதை அவள் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். முகம் கழுவும் நேரம் முழுக்க யோசித்தாள். பிறகு கானை ஒரு பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

இராசநாயகம் எழுத்தை இரண்டு முறை வாசித்தார். பிறகு குரல் உயர்ந்தது.

“உங்கடை கடிதத்தை நம்பி ஒரு குடும்பக்காரனைத் துரத்திப் போட்டனே அம்மா! படிச்ச ஆள் நீங்கள், கானைப் பற்றி ஒருக்காச் சொல்லியிருக்கக் கூடாதோ?”

“என்ரை பிழைதான். உங்கடை காசு எனக்கு வேண்டாம். ஒரு தாள் தாங்கோ.”

அங்கேயே, அவருடைய மேசையில் இருந்து, இரண்டாவது கடிதம் எழுதினாள். இதில் இலக்கமில்லை. 'பிழை முழுவதும் என்னுடையது, கோபிசங்கர் குற்றமற்றவர்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, பம்புக்குப் பக்கத்துச் சுவரில் தானே ஒட்டினாள். அதை ஒருவரும் படம்பிடித்து அனுப்பவில்லை.

விசாரித்துக்கொண்டு கோபியின் வீட்டுக்கும் நடந்தாள். மனைவி வினோஜா கேற்றின் கொளுக்கியைக் கழற்றாமல் நின்றாள்.

“அவர் இல்லை. கூலிக்கு வெங்காயம் கிண்டப் போயிட்டார்.”

“நான் வந்து மன்னிப்புக் கேட்டனெண்டு சொல்லும் பிள்ளை.”

“சொல்லுறன்.” பிள்ளைகள் இரண்டும் யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றன.

கோபியை முதலாளி திரும்பவும் எடுத்தார். கார் திருந்தி வர ஒரு மாதம் ஆகியது. அந்த மாதம் முழுக்கக் கேற்றடிக்கு ஒருவரும் வரவில்லை. பிழை அவளுடையது என்று தெரிந்தபிறகு வந்து என்ன கதைக்கிறது? கார் வந்த முதல் செவ்வாய், நாகேஸ்வரி நல்ல சேலை ஒன்றை உடுத்துக்கொண்டு, சொல்லவேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு கோப்பாய்க்குப் போனாள். அன்றைக்கு முருங்கைக்காய்க் கறி. அவன் கேட்டால் சொல்வதற்கு அதையும் நினைவில் வைத்திருந்தாள்.

அவன்தான் வந்தான். கொஞ்சம் கறுத்திருந்தான். கோபம் ஒன்றும் முகத்தில் இல்லை. மற்ற எல்லா ஆட்களுக்கும் காட்டுகிற முகத்தை அவளுக்கும் காட்டினான். தாங்கியின் மூடியைத் திறந்து, குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு, மீற்றரைச் சுட்டிக்காட்டினான்.

“சைபரைப் பாருங்கோ அம்மா.”

அவள் திரும்பி, சைபரைப் பார்த்தாள்.

“பாத்திட்டன்.”

“எவ்வளவுக்கு அடிக்க?”

பின்னால் ஒரு லொறிக்காரன் கோர்ன் அடித்தான். நாகேஸ்வரி கைப்பையைத் திறந்தாள்.

“தாங்கி நிறைய அடியும் தம்பி” என்றாள்.