மேஜருக்கு லைட்டான தீன்

ஏன் என்று கேட்காமல் மெற்றில்டாவால் எந்தச் சங்கதியையும் விட முடியாது. கொழும்புக் கொட்டாஞ்சேனையில் பாதிப் பிள்ளைகளுக்குப் பேறு பார்த்த மருத்துவிச்சி அவள். பிள்ளை அழுதால் ஏன், அழாவிட்டால் ஏன், தகப்பன்காரன் ஏன் வாசலில் விசரன் மாதிரி நிற்கிறான், எல்லாவற்றுக்கும் அவளுக்குக் காரணம் வேண்டும். அப்படிப்பட்டவளுக்குத் தன் மட்டக்குதிரை ஏன் நடக்க மாட்டேன் என்கிறது என்பது மட்டும் பிடிபடவில்லை.

குதிரைக்கு மேஜர் என்று பெயர். சீமைக்குத் திரும்பிப்போன ஒரு தோட்டத்துத் துரையிடம் வாங்கியது. பெயரும் தொப்பையும் துரை கொடுத்த சீதனம் என்று தெருவில் பகிடி பண்ணுவார்கள். பிள்ளைப்பேறு பார்க்க வெள்ளவத்தை வரைக்கும் வண்டி இழுத்தது அதுதான். கலியாணம் கட்டாத மெற்றில்டாவுக்கு வீட்டில் கதைக்கத் துணை என்றிருந்ததும் அது ஒன்றுதான். இப்போது முன்னங்கால்களை முன்னே நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னுக்குப் போட்டுச் சாய்ந்து நின்றது. ஓர் அடி வைக்கச் சொன்னால் நடுங்கியது.

மிருக வைத்தியர் நிக்கலஸ் வந்து குளம்பைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது.

“குளம்புக்குள்ள அழற்சி. கொழுத்த மட்டக்குதிரையளுக்கு வாற வருத்தம்.”

“தின்னுறது வயித்துக்குத்தானே டொக்டர். கால் ஏன் நோகுது?”

“அது எங்களுக்கும் வடிவா விளங்கேல்லை. தீனால வாறதெண்டு மட்டும் தெரியும். இனி லைட்டான தீன் குடுங்கோ. பட்டினி போட்டிடாதேங்கோ, ஈரல் கெட்டுப்போம். கொஞ்சம் கொஞ்சமா நாலைஞ்சு தரம் வையுங்கோ.” வாசல் படலையைத் திறந்தபடி குரலைத் தாழ்த்தினார். “மாசக் கடைசியில வருவன். அப்பவும் முன்னங்கால் ஊண்டாட்டி, துவக்கால சுட்டுவிடுறதுதான் அதுக்குச் செய்யிற நல்லது.”

மெற்றில்டா அழுதுகொண்டு நிற்காமல் நேரே கிராண்ட்பாஸுக்குப் போனாள். அங்கே ஜாபிர் நானாவின் தீன்கடை. அவருடைய பிள்ளைகள் எல்லாரும் அவள் கையில் பிறந்தவர்கள்.

“லைட்டான தீனா? அதுக்கென்ன நோனா, நிறுத்தே பாத்துருவோம்” என்றார் ஜாபிர்.

அளவுக் கொத்தில் கொள்ளு நிரப்பித் தராசில் வைத்தார். தட்டு தொப்பென்று இறங்கியது. புண்ணாக்கும் அப்படித்தான். பிறகு அதே கொத்தில் தவிடு. தட்டு அசைந்தும் அசையாமலும் நின்றது.

“பாருங்க, பஞ்சு மாதிரி இரிக்கி. இதவுட லைட்டு கொழும்பிலயே இல்ல.”

இரண்டு பேருக்கும் பரம திருப்தி. தராசே சொன்ன பிறகு வேறென்ன? மெற்றில்டா ஒரு மூட்டை தவிட்டோடு வந்து, வெந்நீரில் குழைத்து வைத்தாள். மேஜர் வாளியின் அடியை நக்கி நக்கி வெளுக்கப் பண்ணியது. பத்தியச் சாப்பாட்டை இவ்வளவு ஆசையாய்த் தின்ற எவரையும் அவள் தன் தொழிலில் கண்டதில்லை. அப்போதாவது அவளுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லையே.

ஒரு கிழமை போனது. ஒரு காலை மேஜர் படுத்தே கிடந்தது. எழும்பவில்லை. குளம்பு முன்னையிலும் மோசமாகச் சுட்டது.

மெற்றில்டா கொட்டிலில் அதன் கழுத்தருகே குந்திக்கொண்டாள். லைட்டான தீன்தானே வைத்தேன், ஏன்? சுற்றுமுற்றும் பார்த்தாள். அளந்து வைக்கவென்று தவிடு போட்டிருந்த கடதாசிப்பை கண்ணில் பட்டது. வடை சுற்றிய கடதாசி மாதிரி அதில் ஊடு தெரியும் திட்டு. ஒரு பிடி தவிட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். கை மினுங்கியது. முகர்ந்து பார்த்தாள். எண்ணெய்.

“நாசமாப் போச்சு” என்றாள். பையோடு கிராண்ட்பாஸுக்கு ஓடினாள்.

“நானா, நாங்கள் நிறுத்தது பாரத்தை. டொக்டர் சொன்னது வேறை. இதுக்குள்ள இருக்கிறது முழுக்கக் கொழுப்பு.”

ஜாபிர் பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மெதுவாகத் தலையில் கை வைத்தார். “நாந்தானே நோனா தந்த.”

“நானும்தானே வாங்கினனான். விடுங்கோ. இனி நிறுக்கிறேல்லை, திண்டு பாக்கிறது. கொழுக்கப் பண்ணுறது எண்ணெயும் இனிப்பும்தானே.”

கடைக்கு வந்தவர்கள் வாயைப் பிளந்து நிற்க, கொட்டாஞ்சேனை மருத்துவிச்சி கல்லாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து மாட்டுத்தீனை மென்றாள். பச்சையாய் அறுத்துக் காயவைத்த புல் இனித்தது. ஏன் இனிக்கிறது என்று பார்க்க, ஒரு சட்டித் தண்ணீரில் ஊறப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பால் விடாத வெறுந்தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தாள். இனிப்பு அதில் இறங்கியிருந்தது. புல்லைத் திரும்ப மென்றால் சப்பென்றிருந்தது. கடைசியாக வைக்கோல். அதில் ருசி என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

“இதுதான்” என்றாள். “நெல்லுமணி ஒண்டும் இல்லாமல் உதறிப்போட்ட வைக்கோல், கழுவின புல்லுக் கொஞ்சம்.”

“இதத் திண்டா அது கவலையிலேயே மௌத்தாப் போயிடும் நோனா.”

செத்துப்போகத்தான் பார்த்தது. முதல் நாள் மேஜர் வாளியை முகர்ந்துவிட்டு அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வாடகை கேட்டு வந்தவனைப் பார்க்கிற பார்வை. பசி பொறுக்காமல் கொஞ்சம் தின்றது. தின்று முடித்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. முன்னெல்லாம் அவள் குரல் கேட்டாலே கனைக்கும். இப்போது காதைக்கூட அசைக்கவில்லை. வாயில்லாச் சீவனைப் பட்டினி போடுகிறாள் என்று ஒழுங்கை முழுக்கக் கதை. அவளும் ஒவ்வொரு வாளி வைக்கும்போதும், சாகப்போகிற குதிரையை இந்த வைக்கோலையும் தின்ன வைக்கிறேனே என்று தன்னையே திட்டினாள். ஆனாலும் வைத்தாள். சில நாளில் அது எழும்பி, சுவரில் சாய்ந்தபடி நின்றது. அவ்வளவுதான். அதற்கு மேல் ஓர் அடி நகரவில்லை.

மாதக் கடைசியில் நிக்கலஸ் வந்தார். கையில் நீளப் பெட்டி. ஜாபிரும் வந்திருந்தார், ஒரு பொட்டலத்தோடு.

“இது சக்கர, நோனா. கடைசியாச் சந்தோசமாத் திண்டுட்டுப் போகட்டுமே.”

“குடுங்கோ மெற்றில்டா” என்றார் நிக்கலஸும். “இனி என்ன வரப்போகுது.”

அவள் பொட்டலத்தைக் கையில் வாங்கினாள். மேஜர் மணம் பிடித்து அவள் பக்கம் திரும்பி, இத்தனை நாளைக்குப் பிறகு முதல் தடவையாகக் கனைத்தது. அவள் சர்க்கரையைத் திரும்ப ஜாபிரின் கையில் வைத்தாள். வழமை போல் நனைத்த வைக்கோல் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் அதன் முன்னால் வைத்தாள்.

மேஜர் வாளியைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. வலது முன்னங்காலைத் தூக்கி விட்டது ஓர் உதை. வாளி உருண்டு போய், தண்ணீரும் வைக்கோலும் டொக்டரின் வெள்ளைக் காற்சட்டையில் கொட்டியது.

நிக்கலஸ் காற்சட்டையைப் பார்க்கவில்லை. “ஒரு கால் தூக்கினா மற்றக் கால் முழுப் பாரத்தையும் தாங்கவேணும். தாங்குது” என்றார். “இன்னொருக்கா வையுங்கோ.”

வைத்தாள். இந்த முறை இடது கால்.

டொக்டர் பெட்டியைத் திறக்காமலே படலைப் பக்கம் கொண்டுபோய் வைத்தார். மெற்றில்டா ஈரத் தரையிலேயே குந்தியிருந்து, சிந்திய வைக்கோலை இரண்டு கையாலும் கூட்டி வாளியில் போட்டாள். அழுகையும் சிரிப்புமாக அவளுக்கு மூச்சு முட்டியது.

“இதைத்தான் இனி ஆயுசுக்கும் குடுக்கோணும்” என்றார் நிக்கலஸ். “அது உங்களை மன்னிக்காது.”

“மன்னிக்க வேண்டாம் டொக்டர்” என்றாள் அவள். “உதைச்சுக்கொண்டு இருக்கட்டும்.”