வேலையில்லாத சிங்கங்கள்

மரச் சிங்கத்தின் தலைமேல் கையை அழுத்தி வைத்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

எங்கள் டெஸாவ் நகரத்தில், வேலையில்லாத அலங்காரம் எதுவும் வீட்டில் கூடாது என்று சொல்லிக்கொடுக்கும் அந்தக் கண்ணாடிப் பள்ளிக்கூடம் எழும்பிய மறு வருடம் என் மனைவி ஒட்டிலி அங்கே ஒரு சொற்பொழிவுக்குப் போனாள். போகும்போது சாதாரணமாகத்தான் போனாள். திரும்பி வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல், அலமாரி மேலிருந்த பீங்கான் ஆட்டுக்காரி பொம்மையைப் பார்த்து, "உனக்கு என்ன வேலை?" என்றாள். ஆட்டுக்காரி பதில் சொல்லவில்லை. குப்பைக்குப் போனாள்.

ஒரே வாரத்தில் திரைச்சீலை, மான்கொம்பு, பூப்போட்ட சுவர்க்காகிதம் எல்லாம் ஆட்டுக்காரி பின்னாலேயே போயின. சுவர்களுக்கு வெள்ளை அடித்தார்கள். எங்கள் வெள்ளைப் பூனை மூன்று நாள் காணாமல் போய்விட்டது; சுவரோரமாகத்தான் உட்கார்ந்திருந்தது.

பிறகு பின்கால்களே இல்லாத எஃகுக் குழாய் நாற்காலி ஒன்று வந்தது. உட்கார்ந்தேன். வில்லாக வளைந்து என்னை மேலே அனுப்பியது. இறங்கினேன். மறுபடி அனுப்பியது. செவ்வாய் மதியம் தொடங்கியது, வெள்ளிக்கிழமைதான் நின்றது. உருளைக்கிழங்கு சூப்பை இறங்கும்போது மட்டும் குடித்தேன். அதன் பிறகு கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

மிச்சமிருந்தது என் கைப்பிடி நாற்காலி. கைப்பிடிக்கு ஒன்றாக இரண்டு சிங்கத்தலை. முப்பது வருடம் டிராமில் நின்றபடியே சீட்டுக் கிழித்தவன் நான். உட்கார எனக்கென்று உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான்.

"இந்தச் சிங்கத்துக்கு என்ன வேலை?" என்றாள் ஒட்டிலி.

"கர்ஜிக்கும்."

"எங்க, கர்ஜிக்கச் சொல்லு பாப்போம்."

"வெறும் வயித்துல கர்ஜிக்காது. சரி விடு, நாற்காலிக்கு என்னைத் தாங்குற வேலை இருக்குல்ல?"

"அப்போ உனக்கு என்ன வேலை?"

"அது காலியா இருக்காம பாத்துக்கிறது."

அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். ஆட்டுக்காரியை அப்படித்தான் பார்த்தாள்.

வழக்கைத் தீர்க்கப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் வெண்டலினை அழைத்து வந்தாள். மூக்குக்கண்ணாடி, மொட்டைத்தலை, இளக்காரப் பார்வை. "குற்றத்தை உக்காந்து பாத்தாத்தான் தெரியும்மா" என்று என் நாற்காலியில் அமர்ந்தார். உடனே தூங்கிப்போனார். திங்கட்கிழமை வந்தவர் வியாழக்கிழமைவரை குறட்டை விட்டார். புது விளக்குகள் கிடுகிடுத்தன.

"கேட்டியா, கர்ஜிக்குது!" என்றேன்.

"அது அவரோட சத்தம்."

"வாடகைச் சிங்கம்னு வச்சுக்கயேன்."

கண் விழித்த வெண்டலின் தீர்ப்புச் சொன்னார்: "ரொம்ப ஆபத்தான பொருளும்மா. இந்த வீட்டுல ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது."

"உடைச்சு அடுப்புல போட்டுரவா?"

"ஐயையோ, வேணாம்! எங்க வீட்டுல வச்சு நானே கண்காணிக்கிறேன்."

கைவண்டியில் ஏற்றி அவரே தள்ளிக்கொண்டு போனார். மூன்று தெரு பின்னாலேயே ஓடினேன். சிங்கங்கள் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தன. அன்று முதல் நான் உட்காரவே இல்லை, தூங்குவதும் நடந்துகொண்டேதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, சிங்க நாற்காலிக்கு அடியில் பெருக்க வேண்டும், காலைத் தூக்கு என்று ஒரு கையில் துடைப்பத்தோடு ஒட்டிலி சொல்கிறாள். அவள் இன்னொரு கையில் இருப்பது பீங்கான் ஆட்டுக்காரியைத் தினமும் துடைக்கிற துணி.