முடுக்கு வாசல் இருமல்

அன்று காலை அந்த வீட்டு முன்கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தாம்: வீட்டு மாப்பிள்ளை காஜா முஹ்யித்தீன்; அவர் மனைவியின் அண்ணன் யஹ்யா; தெருவில் வயதில் மூத்தவரான ஹாமிது ஹாஜியார்; மூலைக்கடை பிச்சையா. திரைக்கு உள்ளே காஜாவின் மனைவி ஜெய்னம்பு, அவளுடைய ராத்தா, அதாவது அக்கா, சக்கீனா, காஜாவின் கடைசி மகள் ஹாஜரா. வேறு யாரும் இல்லை. தாங்களும் கூட இருந்ததாகச் சொல்லிப் பிறகு காயல்பட்டினம் முழுக்கக் கதை பரப்பியவர்கள் எல்லாரும் அந்த நேரத்தில் அவரவர் வீட்டில் ஆப்பம் தின்றுகொண்டிருந்தார்கள்.

விசாரணை ஓர் இருமலைப் பற்றியது.

காஜா முஹ்யித்தீனுக்கு முத்து வியாபாரம், கடை கொழும்பில். நாற்பத்திரண்டில் கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தபோது கடையைப் பூட்டிவிட்டு, தூத்துக்குடிக்குப் புறப்பட்ட தோணியில் ஏறி ஊர் வந்து சேர்ந்தார். அதுவரை அவர் வீட்டுக்கு வந்ததெல்லாம் விருந்தாளியைப் போலத்தான். மூத்த பையன்கள் இருவரும் அவர் பார்க்காமலே பள்ளிக்கூடம் போய், அவர் பார்க்காமலே படித்து முடித்து, ஒரு நாள் மீசையோடு வந்து ஸலாம் சொன்னார்கள். கடைசிப் பெண் ஹாஜரா மட்டும் மிச்சம் இருந்தாள். மூன்றாம் வகுப்பு.

பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடம் தெருக்கோடியில் இருந்தது. ஆனால் பெண்கள் தெருவில் நடப்பதில்லை. வீடுகளின் பின்பக்கம் நெடுக, இரண்டு சுவர்களுக்கு நடுவே, முடுக்கு என்கிற குறுகலான சந்து ஓடும். அது பெண்களின் பாதை; ஆண்கள் அதில் கால் வைப்பதில்லை. அந்த முடுக்கு தெருவைத் தொடுகிற வாசல்களில் ஓலைத் தட்டி தொங்கும். அதைத் தாண்டிப் போகிற ஆண், ஆள் வருவது உள்ளே தெரியட்டும் என்று ஒரு தடவை இருமிவிட்டுப் போவான். கண்ணியமான இருமல் அது. நல்ல குடும்பத்து ஆண்களுக்கு அந்த இருமலை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அந்த வருஷம் முடுக்கில் ஒரு கிடா கட்டிக் கிடந்தது. முட்டுகிற கிடா. ஹாஜரா போக மாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டாள்.

“வாப்பா வந்தாத்தான் போவேன்.”

“வாப்பா முடுக்குல வரக்கூடாதும்மா.”

“அப்ப கிடா மட்டும் வரலாமா?”

முத்து வியாபாரத்தில் பெரிய பெரிய ஆட்களை மடக்கியவரை இந்தக் கேள்வி மடக்கிவிட்டது. கடைசியில் ஓர் ஏற்பாடு முடிவாயிற்று. அவள் முடுக்கில் நடப்பாள். அவர் தெருவில் அவளுக்குச் சரிசமமாக நடப்பார். ஒவ்வொரு முடுக்கு வாசலிலும் அவர் ஒரு இருமல் இருமுவார். வாப்பா இங்கனதான் இருக்கேன் என்று அதற்கு அர்த்தம். அவள் தன் சிலேட்டுப் பலகையில் குச்சியால் இரண்டு தட்டுத் தட்டுவாள். கிடா இன்னும் முட்டவில்லை என்று அதற்கு அர்த்தம்.

கிடா அந்த ஹஜ்ஜுப் பெருநாளோடு பிரியாணியாகிவிட்டது. ஏற்பாடு மட்டும் நிலைத்துவிட்டது. அதைப் பற்றி வாப்பாவும் பேசவில்லை, மகளும் பேசவில்லை. தினமும் காலையில் காஜா முஹ்யித்தீன் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, துறைமுக அதிகாரியைப் பார்க்கப் போகிறவரைப் போலக் கிளம்புவார். மகளைக் கண்ணால் பார்க்காமல், நடுவில் ஒரு வரிசை வீடுகளை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்புவார். சில நாள் அவள் வேண்டுமென்றே தட்டாமல் நிற்பாள். அவர் திரும்ப இருமுவார். பிறகு இன்னும் பலமாக இருமுவார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும். அன்றைக்கெல்லாம் அவருக்குச் சாப்பாடு ருசியாக இருக்கும்.

ஜெர்மனி தோற்ற வருஷம் ஹாஜரா ஐந்தாம் வகுப்பை முடித்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் வகுப்பும் இல்லை, ஊரில் வழக்கமும் இல்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று காஜா முஹ்யித்தீன் கோட்டுப் பொத்தானைப் போட்டு முடித்த பிறகுதான், தன்னை யாரும் கூப்பிடவில்லை என்பதைக் கவனித்தார். ஹாஜரா உள்முற்றத்தில் சோழி உருட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் என்று ஒன்று இருந்ததே அவளுக்கு ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. போட்ட கோட்டைக் கழற்றினால், ஏன் போட்டோம் என்று ஒரு கேள்வி வரும்.

“எங்க கிளம்பிட்டிய?” என்றாள் ஜெய்னம்பு.

“தபால் வந்திருக்கான்னு பாத்துட்டு வாறேன்.”

“தபால் மத்தியானம்லா வரும்?”

“சில சமயம் சீக்கிரம் வரும்.”

“ஓஹோ” என்றாள் ஜெய்னம்பு. “நானும் ராத்தா வீட்டுக்குப் போய் தேங்காய் திருவி வாங்கிட்டு வாறேன்.”

வீட்டில் நல்ல திருவி ஒன்று இருந்தது. அதைக் கவனிக்கிற நிலையில் அவர் இல்லை.

தெருவில் இறங்கினார். முதல் முடுக்கு வாசல் வந்தது. வாயை இறுக்கிக்கொண்டார். மகள் உள்ளே நடக்கும்போது இருமினால் அது தகப்பன் இருமல். மகள் வீட்டில் சோழி உருட்டும்போது இருமினால், அதற்கு ஊர் வைக்கிற பெயர் வேறு. இது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் மூன்று வருஷம் பழகின தொண்டை அவர் பேச்சைக் கேட்கவில்லை. இருமிவிட்டார்.

டக், டக்.

காஜா முஹ்யித்தீன் நின்ற இடத்திலேயே நின்றார். முதலில் ஜின் என்று நினைத்தார். பலகையும் குச்சியும் வைத்திருக்கிற ஜின்னை அவர் கேள்விப்பட்டதில்லை. வேறு யாராவது வீட்டுப் பெண்பிள்ளையாக இருந்தால்? நினைக்கவே காது சுட்டது. முத்தை உள்ளங்கையில் உருட்டியே பழுது சொல்கிற மனிதர், ஒரு தட்டலை வைத்து ஆளைச் சொல்ல முடியாமல் தவித்தார். ஓலைத் தட்டியை விலக்கி ஒரு தரம் எட்டிப் பார்த்தால் போதும். ஆனால் எட்டிப் பார்த்த ஆண் அந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

நாளைக்கு இந்தப் பக்கமே வரக் கூடாது என்று உறுதி செய்துகொண்டார். அடுத்த வாசலில் அந்த உறுதி இன்னும் உறுதியாக இருக்கிறதா என்று பார்க்க, மெல்ல இருமினார்.

டக், டக்.

மறுநாளும் தபால் பார்க்கப் போனார். அதற்கு மறுநாளும் போனார். தப்பு என்று தெரியும். வீட்டுக்குத் திரும்பி வரும்போதெல்லாம் பயந்துகொண்டேதான் வந்தார். ஆனால் அந்த நடை இல்லாவிட்டால், காலை விடிந்த பிறகு மத்தியானம் வரை என்ன செய்வது என்று அவருக்குப் புரியவில்லை.

தெருமூலையில் வெற்றிலைக் கடை வைத்திருந்த பிச்சையாவுக்குக் கண்ணும் காதும் நல்லவை, வாய்தான் கொஞ்சம் அகலம். மொதலாளி நெஞ்சு நோயில் அவதிப்படுகிறார் என்று முதல் வாரம் இரக்கப்பட்டார். இரண்டாம் வாரம் அந்த நோய்க்கு உள்ளேயிருந்து பதில் வருவதைக் கண்டுபிடித்தார். மூன்றாம் வாரம் ஊருக்கே தெரிந்துவிட்டது.

ஆகவே அந்தக் காலையில், முன்கூடத்தில், யஹ்யா தொண்டையைக் கனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த ஊர் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார், வீடு ஜெய்னம்புவுடையது. தங்கச்சி வீட்டில் உட்கார்ந்துகொண்டு மாப்பிள்ளையின் ஒழுக்கத்தைக் கேட்பதென்றால், பதில் சரியாக வராவிட்டால் கோட்டையும் தொப்பியையும் பெட்டியில் அடுக்கிக் கையில் கொடுத்துவிடுவார்கள். இது காஜா முஹ்யித்தீனுக்கு நன்றாகத் தெரியும்.

“சொல்லுங்க மச்சான்” என்றார் யஹ்யா. “என்ன இருமல் இது?”

“சளி. நெஞ்சுல சளி.”

“சளிக்கு முடுக்கு வாசல் எங்கன இருக்குன்னு எப்படித் தெரியும்?” என்றார் ஹாமிது ஹாஜியார்.

“காத்துப் படும்போது வரும்.”

“ஏலே பிச்சையா, நீ சொல்லு” என்றார் ஹாஜியார்.

பிச்சையா எழுந்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி, இல்லாத கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, காஜா முஹ்யித்தீனைப் போலவே இரண்டடி நடந்து இருமிக் காட்டினார். அவ்வளவு அச்சாக இருந்ததால் திரைக்குள் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது.

“மொதலாளி இப்படி இருமுவாவ. உள்ளேருந்து பலகை தட்டும். சளிக்குப் பதில் சொல்லுத பலகைய என் ஆயுசுல இப்பத்தான் பாக்கேன்.”

காஜா முஹ்யித்தீன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். உண்மையைச் சொன்னால், பெண்பிள்ளை படிப்பு முடிந்ததற்காக ஏங்கித் தெருவில் அலைந்த ஆள் என்று சிரிப்பார்கள். அப்படியே சொன்னாலும் தட்டியது யார் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கும். வாழ்க்கையில் முதல் தடவையாக, கொழும்பில் குண்டு விழுந்தபோது அங்கேயே இருந்திருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது.

“தட்டினது யாருன்னு எனக்குத் தெரியாது” என்றார். அது சத்தியமான உண்மை. கூடத்தில் ஒருவரும் நம்பவில்லை.

டக், டக்.

திரைக்கு உள்ளேயிருந்து வந்தது.

“ஏளா ஹாஜரா!” என்று அதட்டினார் யஹ்யா.

“நான் இல்ல மாமா!” இரண்டு சின்னக் கைகள் திரைக்கு வெளியே நீண்டன. வலது கையில் சோழி.

காஜா முஹ்யித்தீன் நிதானமாக, மச்சானையும் ஹாஜியாரையும் முன்னால் வைத்துக்கொண்டே, ஒரு இருமல் இருமினார்.

டக், டக்.

“காக்கா” என்று அண்ணனைக் கூப்பிட்டாள் ஜெய்னம்பு உள்ளேயிருந்து. “உங்க தங்கச்சிதான். வேற யாரையும் தேட வேண்டாம்.”

“நீ எதுக்கு முடுக்குல நின்னு பலகை தட்டுத?”

“நிக்கல, நடந்தேன். புள்ள பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் பின்னாலேயே நடந்தவ நான். கிடாவுக்கு அவ பயந்தா, எனக்குப் பயம் இல்லையா? படிப்பு முடிஞ்சிட்டுன்னு காலுக்கு யாரு சொல்லுதது? அன்னைக்குப் போனேன். தெருவுல இவங்க இருமல் கேட்டுச்சு. பாவமா இருந்துச்சு. துப்பட்டிக்குள்ள அவ பலகை இருந்துச்சு, தட்டினேன்.”

“பலகையை எதுக்குளா எடுத்துட்டுப் போன?” என்றாள் சக்கீனா.

திரைக்குள் ஜெய்னம்புவின் வளையல் குலுங்கியது.

காஜா முஹ்யித்தீன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷமாக இரண்டு பேர் நடந்ததாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்; நடந்தது மூன்று பேர்.

“மூணாம் வகுப்புல அவ பலகை உடைஞ்சி கிடந்துச்சே, அப்ப தட்டினது யாருன்னு நெனச்சிய?” என்றாள் ஜெய்னம்பு. “என் வளையல் சுவத்துல பட்டுக் கீறல் விழுந்ததுதான் மிச்சம்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னா நீங்க இருமுவியளா?”

ஹாமிது ஹாஜியார் முதலில் சிரித்தார். வயதில் மூத்தவர் சிரித்த பிறகு மற்றவர்களுக்கும் தடை இல்லை. யஹ்யா மட்டும் சிரிக்காமல் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குடும்பத்துக்கு ஒருவராவது அப்படி இருக்க வேண்டியிருக்கிறது.

“கட்டின பொண்டாட்டியப் பாத்து இருமினா குத்தம் இல்ல” என்று தீர்ப்புச் சொன்னார் ஹாஜியார். “ஆனா தெருவுக்கு ஒரு காரணம் வேணும். தபால்னு சொன்னா பிச்சையாவே நம்ப மாட்டான்.”

“நம்ப மாட்டேன்” என்றார் பிச்சையா.

திரைக்குள் கொஞ்ச நேரம் குசுகுசுப்பு. பிறகு ஹாஜராவின் குரல் வந்தது.

“முடுக்குல திரும்பக் கிடா நிக்குதுன்னு சொல்லுங்க மாமா. உம்மா பெரியம்மா வீட்டுக்குப் போகப் பயப்படுதான்னு சொல்லுங்க.”

அந்த யோசனை அவளுடையதா, அவளுக்கு யாராவது காதில் ஓதியதா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. பிச்சையா அன்று மத்தியானத்துக்குள் கிடாவுக்குக் கொம்பும் வைத்து, ஆளை முட்டும் குணமும் கொடுத்து, ஊரெல்லாம் அனுப்பிவைத்தார். மறுநாள் காலை காஜா முஹ்யித்தீன் கோட்டு மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். முதல் முடுக்கு வாசலில் இருமினார். பதில் இல்லை. திரும்ப இருமினார். பிறகு இன்னும் பலமாக இருமினார். உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அதற்கப்புறம்தான் தட்டல்.

கப்பல் போக்குவரத்துச் சரியாகி அவர் கொழும்புக்குத் திரும்பிப் போகிற வரைக்கும் இது நடந்தது.

காஜா முஹ்யித்தீனை முடுக்கில் கிடா துரத்தித் துரத்தி முட்டியதாகவும், அந்த அடியில்தான் அவருக்கு இருமல் வந்ததாகவும் இன்றைக்கும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது பொய். அந்த வருஷம் முடுக்கில் கிடா இல்லை. அவருக்கு இருமலும் இல்லை.