ஹெட்லி ராய்ஸ்ட்ரிக்கின் அலறல்

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை மாலை ஆறே முக்காலுக்கு மக்காச்சோளக் கொல்லையில் ஹெட்லி ராய்ஸ்ட்ரிக் போட்ட அலறல், ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. மூன்றாவது திருப்பத்தில், வைக்கோல் கட்டுகளை ஒட்டி, ஆள் நெஞ்சு உயரத்தில் நின்றது. கண்ணுக்குத் தெரியாது. கையை நீட்டினால் அந்த இடம் மட்டும் வெதுவெதுவென்று இருக்கும். பகலெல்லாம் சத்தமில்லாமல் கிடக்கும். மாலை ஆறே முக்கால் அடித்ததும் ஹெட்லியின் குரலிலேயே, ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல், "டாரீனப் புடிச்சுக்கோ! என்னை விட்டுரு!" என்று ஒரே ஒரு தடவை அலறிவிட்டு அடங்கிவிடும். டாரீன் ஹெட்லியின் மனைவி. கல்யாணமாகி அப்போது முப்பத்தெட்டு வருஷம்.

நடந்தது இதுதான். தெல்மா ஆக்டன் தன் பண்ணையில் ஒவ்வொரு அக்டோபரும் சோளத்துக்கு நடுவே வளைத்து வளைத்துப் பாதை வெட்டி, பேய்களை நிறுத்தி, ஜனங்களைப் பயமுறுத்தி அனுப்புவாள். ஆறு ஆறு பேராக உள்ளே போகவேண்டும். முன்னால் இருப்பவர் தோளில் கைவைத்து வரிசையாக நடக்கவேண்டும், கையை எடுக்கக்கூடாது. பேய்கள் யாரையும் தொடக்கூடாது. அந்தப் பேய்களும் எல்லாம் நம் ஊர் ஹாதர்விக் ஆட்கள்தான். சங்கிலி கழற்றிய மரம் அறுக்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது திருப்பத்தில் பாய்ந்த பேய், மீன் வறுவல் கடை ரொவீனா. ஹெட்லியும் லேசுப்பட்ட ஆள் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் 'நில்' என்று எழுதிய வட்டப்பலகைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் இறங்கி, இருபத்திரண்டு வருஷமாக லாரிகளை நிறுத்திப் பிள்ளைகளை ரோட்டைக் கடக்கவிட்டவர். அப்பேர்ப்பட்ட மனுஷன், ரொவீனா மெஷினை உறுமவிட்டதும் திரும்பி, பின்னால் வந்த டாரீனை இரண்டு தோளிலும் பிடித்து இழுத்து, மெஷினுக்கு முன்னால் தள்ளிவிட்டு, அந்த அலறலைப் போட்டார். அப்புறம் பாதை கீதை எதையும் பார்க்காமல் சோளத்தை முறித்துக்கொண்டு ஓடினார்.

டாரீன் சேற்றில் முழங்கால் பதிய விழுந்தாள். ரொவீனா மெஷினை அணைத்துவிட்டு முகமூடியைக் கழற்றினாள். "ஐயையோ, நான்தாம்மா, ரொவீனா! அடி பட்டுருச்சா?" என்று பதறினாள். "ஒண்ணுமில்ல கண்ணு. உன் வேலையை நீ நல்லாத்தான் செஞ்ச" என்று சொல்லி டாரீன் பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். மிச்சப் பாதையைத் தனியாக நடந்து வெளியே வந்தாள். ஹெட்லி காருக்குள், கதவுகளைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் கண்ணாடியைத் தட்டவேண்டியிருந்தது. இரண்டாவது தடவை தட்டியபோது திறந்தார். வழியில் வறுவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கேட்டவர்களிடம் ஹெட்லிக்குக் கால் சுளுக்கு என்றாள் டாரீன். அவள் சொன்னால் ஊர் நம்பும். விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

அலறல்தான் முடிய விடவில்லை. ஞாயிறு மாலை நாயை நடத்திப் போனவர்கள் கேட்டார்கள். செவ்வாய்க்கிழமைக்குள் மடக்கு நாற்காலியும் ஃபிளாஸ்க்கில் தேநீருமாக இருபது பேர் காத்திருந்தார்கள். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவரவர் புருஷனை, பெண்டாட்டியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு பேசாமல் வீடு திரும்பினார்கள். நவம்பரில் தெல்மா சோளத்தை அறுத்தாள். தாள்கட்டைகளுக்கு நடுவே அலறல் மட்டும் நின்றது. பாதிரியார் வந்து அதனிடம் பக்குவமாகப் பேசிப் பார்த்தார். வட்டார அலுவலகத்திலிருந்து இரைச்சல் அளக்கும் அதிகாரி கருவியோடு வந்து, அளந்து, தங்களுடைய அலறல் பிறர் நிலத்தில் இருபத்தெட்டு நாளுக்கு மேல் இருப்பதால் தயவுசெய்து அகற்றிக்கொள்ளவும் என்று ஹெட்லிக்குக் கடிதம் போட்டார். ஹெட்லி மாட்டுத்தீவனச் சாக்கோடு போனார், அது நுழையவில்லை. மீன்வலையோடு போனார், அதற்கும் மசியவில்லை. பக்கத்தில் நின்று "என்னைப் புடிச்சுக்கோ!" என்று மாற்றிக் கத்தியும் பார்த்தார். அந்த வார்த்தை எல்லா வார்த்தையும் போலக் காற்றில் கலந்து போய்விட்டது. பள்ளிக்கூடத்து ரோட்டில் ஒரு லாரிக்காரன் தலையை வெளியே நீட்டி, "என்னப்பா ஹெட்லி, இன்னிக்கு யாரைப் புடிச்சுக் குடுக்கப் போற?" என்று கேட்டான். அன்று மத்தியானமே கம்பைக் கொண்டுபோய்த் தலைமையாசிரியையிடம் கொடுத்துவிட்டார்.

எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். எங்கள் காலை மிதித்தவனிடம் நாங்கள் சாரி சொல்வோம். இடித்துக்கொண்டால் விளக்குக் கம்பத்திடமும் சொல்வோம். ஹெட்லி அந்தக் குளிர்காலம் முழுக்க வீடு வீடாகப் போய்ச் சாரி சொன்னார். முறிந்த சோளத்துக்காகத் தெல்மாவிடம், பயமுறுத்தியதற்காக ரொவீனாவிடம் (யார் யாரைப் பயமுறுத்தினார்களோ!), நேரத்தை வீணாக்கியதற்காகப் பாதிரியாரிடம், நீண்ட பயணத்துக்காக அதிகாரியிடம், வரிசையில் கூட நடந்த நாலு பேரிடமும் கேக்கோடு சாரி சொன்னார். டாரீனிடம் மட்டும் சொல்லவில்லை. வீட்டில் ஒரு நாளைக்கு ஏழு தடவை தேநீர் போட்டுக் கொடுத்தார், அவள் துணிகளை இஸ்திரி போட்டார், கழுத்துக்கு மேலே அவளைப் பார்க்கமாட்டார். சொன்னால் நடந்தது நடந்ததாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. வெட்கம் மனுஷனைப் பிடுங்கித் தின்றது. கட்டிலின் ஓரத்தில், பாதி உடம்பு வெளியே தொங்கப் படுத்தார்.

டாரீன் வாயைத் திறக்கவில்லை. ஸ்கார்பரோவில் இருக்கும் தங்கை வின்னியிடம் மட்டும் ஃபோனில், "தள்ளினது போகட்டும்டி. பயத்துல யாரும் தள்ளுவாங்க. ஆனா மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றாள். வின்னி வீட்டில் ஒரு அறை காலியாக இருந்தது. ஈஸ்டர் வரை பார்ப்பது, அதற்குள் ஹெட்லி வாயைத் திறக்காவிட்டால் போய்விடுவது என்று முடிவு செய்து, டாரீன் பெட்டியைக் கட்டி அலமாரிக்கு மேலே வைத்தாள். பெட்டியை ஹெட்லியும் பார்த்தார். அப்போதும் தேநீர்தான் போட்டார்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் டாரீன் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு தெல்மாவின் வயலுக்குப் போனாள். ஆறே முக்கால் ஆயிற்று. அலறல் அலறியது. அவள் முழுசாகக் கேட்டுவிட்டு, "சரி சரி, காது கேக்குது. வா, வீட்டுக்குப் போலாம்" என்று சொல்லித் திரும்பி நடந்தாள். சாக்குக்கும் வலைக்கும் அசையாத அலறல் அவள் முதுகுக்குப் பின்னால் பசுமாடு மாதிரி நடந்து வந்தது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். தெல்மா வாயிற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

ஹெட்லி சமையலறையில் ரொட்டியும் பீன்ஸும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டாரீன் பூட்ஸைக் கழற்றாமலே எதிரில் உட்கார்ந்தாள். "ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம சாரி சொல்லிட்ட, ஹெட்லி. எனக்கு எங்க?"

முள்கரண்டியை வைத்துவிட்டு அவர் தட்டை ஓரமாக நகர்த்தினார். அப்புறம் தலையைத் தூக்கினார். "அன்னிக்குக் காருக்குள்ள இருந்து நீ வர்றதைப் பாத்தேன், டாரீன். நொண்டிக்கிட்டு வந்த. பாத்துட்டுத்தான் கதவைப் பூட்டினேன். பயத்துல இல்ல. உன் மூஞ்சியப் பாக்க முடியல. சாரி." சொல்லிவிட்டு ஓவென்று அழுதார். அறுபத்தாறு வயசு ஆள் மூக்கில் ஒழுக அழுதால் பார்க்கச் சகிக்காது.

"அது எனக்குத் தெரியும்" என்றாள் டாரீன். "பூட்டின சத்தம் எனக்குக் கேட்டுச்சு. நீயா சொல்றியான்னுதான் ஆறு மாசமா உக்காந்திருந்தேன். மன்னிச்சுட்டேன்னு இன்னிக்கே சொல்லிட மாட்டேன். சாப்பிடு, ஆறுது." அடுத்த புதன்கிழமை பெட்டி அலமாரி மேலிருந்து இறங்கியது, துணிகள் அலமாரிக்குள்ளேயே திரும்பிப் போயின.

அலறலை மாடிப்படிக்குக் கீழே இருந்த உள்ளறையில், தூசி உறிஞ்சும் மெஷினுக்குப் பக்கத்தில் விட்டார்கள். சாரி சொன்னதால் அது போய்விடவில்லை. தினமும் மாலை "டாரீனப் புடிச்சுக்கோ! என்னை விட்டுரு!" என்று அலறும். டாரீன் சமையலறையிலிருந்து, "இங்கதான் இருக்கேன்! யாரும் புடிச்சுக்கிட்டுப் போகல!" என்று பதில் குரல் கொடுப்பாள். ஹெட்லி முதல் வருஷம் கூனிக் குறுகினார், இரண்டாம் வருஷம் கண்ணை மூடிக்கொண்டார், நாலாம் வருஷம் அவளோடு சேர்ந்து சிரித்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதையே மணியாக வைத்துக்கொண்டு அடுப்பில் உருளைக்கிழங்கு வைத்தார்கள். இப்படிப் பதினோரு வருஷம் ஓடியது. பன்னிரண்டாம் வருஷம் பிப்ரவரியில் டாரீன் நெஞ்சுச்சளியில் விழுந்து நாலே நாளில் ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடினாள்.

அடக்கத்தன்று மாலை வீடு நிறைய ஆட்கள். சாண்ட்விச் தட்டுகள் கை மாறிக்கொண்டிருந்தன. யாருக்கும் நேரம் நினைவில்லை. ஆறே முக்காலுக்கு மாடிப்படிக்குக் கீழேயிருந்து அது அலறியது. எல்லாரும் அவரவர் தட்டைப் பார்த்தோம். சமையலறையில் பதில் இல்லை. ரொவீனா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். ஹெட்லி கோப்பையை வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய் உள்ளறைக் கதவைத் திறந்தார்.

"புடிச்சுக்கிட்டாங்கப்பா" என்றார். "என்னை விட்டுட்டாங்க. நீ கேட்டபடியேதான்."

அன்றிலிருந்து தினமும் மாலை அதற்கு அவர்தான் பதில் சொல்கிறார்.