கணவாய்க்கு மேலே முப்பது குதிரை

ஜீப் நின்றுவிட்டது. நின்றதோடு போயிருந்தால் பரவாயில்லை. பின்னால் போக ஆரம்பித்தது.

கல்மாக் கணவாயின் கடைசிக்கு முந்தின வளைவு. இடது பக்கம் பாறை. வலது பக்கம் ஒன்றுமே இல்லை. வெறும் காற்று, அதற்கு வெகு கீழே எறும்பு வரிசை மாதிரி ஓர் ஆட்டு மந்தை. ஜீப்புக்குப் பின்னால் டிரெய்லர், டிரெய்லர் மேல் படகு, படகுக்குள் புது மோட்டார். எசென் பிரேக்கை மிதித்த மிதியில் அவன் காது சிவந்தது. சக்கரங்கள் ஜல்லியில் சறுக்கின. டிரெய்லர் மெல்லக் குறுக்கே திரும்பி, ஒன்றுமே இல்லாத பக்கத்தை எட்டிப் பார்த்தது.

அவன் மனைவி மைரம் கதவைத் திறந்து குதித்தாள். டிரெய்லரின் கழுத்தில் இருந்த இரும்புக் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, உடம்பு முழுவதையும் கொடுத்து இழுத்தாள். 'க்ரக்!'

டிரெய்லர் நின்றது. ஜீப்பும் நின்றது.

"அண்ணி! உசுரு இருக்கா?" பின்சீட்டிலிருந்து எசெனின் தம்பி ரிஸ்பெக் கத்தினான். முகம் காய்ந்த தயிர்க்கட்டி நிறத்தில் இருந்தது.

"எனக்கு இருக்கு. உங்களுக்கு இருக்கான்னு தொட்டுப் பாத்துக்கங்க, சர்க்கரைக்கட்டி."

அங்கே அண்ணி கொழுந்தன் பெயரை வாயால் சொல்லக் கூடாதே! அதனால் மைரம் அவனுக்கு வைத்திருந்த பெயர் அது. பொருத்தமான பெயர்தான். கோச்கோர் சந்தையில் மோட்டாரும் டிரெய்லரும் விற்கிறவன். நாக்கில் இனிப்பு இல்லாமல் அந்தத் தொழில் நடக்குமா?

இப்போது உயிர் காத்த கைப்பிடிக்காக நேற்று அவன் கடையில் பெரிய ரகளை. அவன் காட்டியது சாயம் பளபளக்கும் இலேசான டிரெய்லர். மைரம் விரல் நீட்டியது மூலையில் துருவேறிக் கிடந்த கனமான ஒன்றை. அதற்கென்று தனி பிரேக் உண்டு.

"இது டிரெய்லரா அண்ணி, இல்ல கல்யாணச் சீர் ஏத்துற வண்டியா?"

"ஏத்தத்துல எது வேணா வரும் தம்பி. எறக்கத்துல நம்ம முதுகுல ஏறாம வரணும். அதான் வேணும்."

மோட்டார் விஷயத்தில் மட்டும் மூவருக்கும் ஒரே மனசு. இருந்ததிலேயே பெரியது. முப்பது குதிரைச் சக்தி.

காரணம் போன இலையுதிர்காலம். சோன்-குல் ஏரியில் மத்தியானமானால் காற்று கரையிலிருந்து ஏரிக்குள் அடிக்கும். வலை எடுக்கப் போன எசெனின் பழைய மோட்டார் அந்தக் காற்றை எதிர்த்து வர முடியாமல் தோற்றது. படகு உள்ளே உள்ளே போயிற்று. மறுநாள் எதிர்க்கரையில் கண்டெடுத்தார்கள். உயிர் மிச்சம். இடது கையில் குளிர் தின்ற இரண்டு விரல் மிச்சமில்லை.

அன்றைக்கு மைரம் ஒரு தீர்ப்பு எழுதினாள். "மத்தியானக் காத்துக்கு எதிரா கரைக்குத் திரும்பி வர்ற மோட்டார் இருந்தா ஏரிக்குப் போங்க. இல்லைன்னா படகு டிரெய்லர்லயே கெடக்கட்டும், நாய் குட்டி போடட்டும். நீங்க அடுத்தவன் ஆட்டை மேய்க்கப் போங்க."

மீனைத் தவிர எதையும் பிடிக்கத் தெரியாதவனுக்கு அது ஆயுள் தண்டனை.

"கீழ சிங்கமா ஓடுச்சேண்ணே இந்த ஜீப்பு!" ரிஸ்பெக் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தான்.

"இங்க காத்து கம்மி. அதுக்கும் மூச்சு வாங்குதுடா." எசென் முதல் கியரைப் போட்டான். இன்ஜின் வீறிட்டது. நத்தை வேகம். மற்ற இருவரும் கூடவே நடந்தார்கள்.

கணவாயின் உச்சி வந்தது. பேசிக்கொண்டே வந்த ரிஸ்பெக்கின் வாய் பாதி வார்த்தையில் நின்றது.

பூமி அங்கே ஒரு கிண்ணமாகக் குழிந்திருந்தது. கிண்ணத்தின் விளிம்பெல்லாம் பனி. அடியில் ஏரி. நீலம் என்று சொன்னால் போதாது. வானம் தன் நிறத்தை இங்கே வைத்துவிட்டுப் போயிருந்தது, மேலே மிச்சம் வெளிறித் தெரிந்தது. கரையோரக் கூடாரங்கள் சிந்திய உப்புக்கல் மாதிரி. மைரம் வருஷா வருஷம் பார்க்கிற காட்சி. வருஷா வருஷம் இந்த இடத்தில் அவளுக்கு நெஞ்சு ஒரு துடிப்பை விழுங்கும்.

கரைக்கு இறங்கிப் படகைத் தண்ணீரில் விட்டபோது, மத்தியானக் காற்று சரியான நேரத்துக்கு வந்தது. வேலைக்காரன்கூட அவ்வளவு ஒழுங்கு இல்லை.

மைரம் படகில் ஏறி உட்கார்ந்தாள். "நீ எதுக்கு?" என்றான் எசென்.

"நீங்க வந்து 'நல்லாத்தான் இருக்கு'ன்னு சொல்லுவீங்க. நான் நம்பணுமா?"

கூடாரக் கயிறுகளை ஒன்றோடொன்று முடிந்து, ஒரு முனையைப் படகில் கட்டச் சொன்னாள். மறுமுனை ஜீப்பில். பழகாத குதிரைக்குட்டியை நீளக் கயிற்றில் ஓட விடுவார்களே, அப்படி.

போகும்போது காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக் கொண்டுபோனது. கயிறு தீரப்போகிற இடத்தில் எசென் படகைத் திருப்பினான். மோட்டாரின் கைப்பிடியை முறுக்கினான்.

முப்பது குதிரையும் முனகின. கரும்புகை. படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது, பின்பக்கம் தண்ணீரில் அமுங்கியது. சத்தம் இருந்தது, தள்ளல் இல்லை. கரை வருவதாகத் தெரியவில்லை. ஓர் அலை பின்னாலிருந்து ஏறி மைரமின் மடியில் வந்து உட்கார்ந்தது. தண்ணீரா அது, கத்தி! எசென் விரல் குறைந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தான். அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

"கயித்த இழுங்க!" கரையில் ஜீப்போடு நின்ற ரிஸ்பெக்கைப் பார்த்துக் கத்தினாள்.

ஜீப் அவர்களைக் கரைக்கு இழுத்தது, செத்த மீனை இழுப்பது போல.

ரிஸ்பெக்கின் நாக்கில் இனிப்பு வற்றிப்போயிருந்தது. "கீழ ஏரியில பறந்துச்சு அண்ணி. சத்தியமா. நான்தான் ஓட்டினேன்."

"கீழ வாங்கின குதிரையும் இங்க வந்து இரைக்கும். பத்து நாள்ல பழகிடும்." எசென் மோட்டாரின் மூடியைத் தடவினான். "இரும்பு எங்க பழகும்? சரி, டிரெய்லர்ல ஏத்து."

அவ்வளவுதான். கோபமே இல்லாமல் சொன்னான். கோபப்பட்டிருந்தால் மைரம் தாங்கியிருப்பாள்.

அவள் டிரெய்லரையும் ஜீப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். "இந்த ஜீப்பு மட்டும் எப்படி ஏறிச்சு?"

"முதல் கியர்ல."

"இதுக்கு முதல் கியர் எது?"

"படகு மோட்டாருக்கு ஏது அண்ணி அதெல்லாம்? முன்னாடி, பின்னாடி, அவ்வளவுதா..." ரிஸ்பெக் நிறுத்தினான். கண்கள் விரிந்தன. ஜீப்புக்கு ஓடினான். மோட்டார் வந்த பெட்டியைக் கவிழ்த்தான். உள்ளேயிருந்து இன்னொரு விசிறி உருண்டு விழுந்தது. தண்ணீரைத் தள்ளும் மூன்று இறக்கை விசிறிதான். ஆனால் இதன் இறக்கைகள் படுத்தாற்போல் இருந்தன.

"சுமைப் படகுக்குன்னு கூடக் குடுத்தாங்க. வேகம் போகாதேன்னு நான் மாட்டல. ஒரு சுத்துக்குத் தண்ணிய கொஞ்சமாத்தான் கடிக்கும் அண்ணி! கொஞ்சமா கடிச்சா இன்ஜின் திணறாது!"

"பெரிய வாயா கடிச்சு விக்கிக்கிட்டு நிக்குது. சொல்ல வேண்டியதுதானே!" என்றாள் மைரம்.

காற்று இன்னும் ஏறியிருந்தது. மைரம் முழங்கால் தண்ணீரில் நின்று பழைய விசிறியைக் கழற்றினாள், புதியதை மாட்டினாள், ரிஸ்பெக் திருகை முடுக்கினான். எசென் கயிற்றை எடுத்தான்.

"அது வேண்டாம்" என்றாள்.

"மைரம்..."

"கயிறு இருந்தா தெரிஞ்சுக்க முடியாது. ஏறுங்க."

இந்தத் தடவை நெடுந்தூரம் போனார்கள். போன வருஷம் படகு தோற்ற இடத்துக்கும் அப்பால். மைரம் திரும்பிப் பார்த்தாள். கரையிலிருந்து ஏரியைப் பார்த்தே வருஷங்கள் போய்விட்டன. ஏரிக்குள் இவ்வளவு தூரத்திலிருந்து கரையை இதுதான் முதல்முறை. கூடாரங்கள் இல்லை. குதிரைகள் இல்லை. சுற்றிலும் பனிமலைகள் தோளோடு தோள் சேர்த்து, இந்த ஒரு சின்னப் படகைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தன. தண்ணீர் அடியில்லாத இருட்டுப் பச்சை. இத்தனை நாளும் இவன் மீனுக்காகத்தான் இங்கே வருகிறான் என்று நினைத்திருந்தாளே.

"இவ்வளவு பெருசா இது?" குரல் அவளுக்கே பாதிதான் கேட்டது.

"இன்னும் பாதிகூட வரல."

"திருப்புங்க."

திருப்பினான். காற்று முகத்தில் அறைந்தது. முறுக்கினான்.

ஒரு கணம் அதே முனகல். மைரம் பலகையைப் பற்றினாள். பிறகு அந்த முனகல் மெலிந்து, கூர்ந்து, மேலே மேலே ஏறிப் பாட்டாக மாறியது. பின்பக்கம் நிமிர்ந்தது. மூக்கு தாழ்ந்தது. படகு தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து தண்ணீரின்மேல் நின்றது. அலைகள் அடியில் டமடமவென்று ஓடின, முப்பது குதிரைகளும் ஒன்றாகக் குளம்பு பதித்த மாதிரி. உப்புக்கல் தெரிந்தது. கூடாரமானது. கூடாரத்தருகே தொப்பியைக் கழற்றி வானத்தில் வீசும் ஒரு புள்ளி தெரிந்தது. அது ரிஸ்பெக்.

எசென் அவளையே பார்த்துக்கொண்டு வந்தான். தீர்ப்பு அவளுடையது.

"வலையைக் காலையிலே எடுத்து வைங்க" என்றாள் மைரம். முகத்தில் வழிந்த ஏரியைத் துடைக்கவில்லை. "இப்பக் கரைக்குப் போகாதீங்க. இன்னொரு தடவ உள்ள போவோம்."