கோயில் முனையில் நிற்கும் கார்

1

இந்தக் கதை ஒரு துண்டறிக்கையிலிருந்து பிறந்தது. அதை எழுதியவன் நான். அது பிழை என்று என் வீட்டுக்கே வந்து சொன்னவள் ஓர் இளம்பெண். மேடையாக இருந்தால் இந்த உண்மையைக் கடைசிவரை மறைத்து வைத்திருந்து, கைதட்டல் வரும் இடத்தில் அவிழ்த்திருப்பேன். இங்கே அதற்கு எனக்கு மனமில்லை.

நான்காண்டுகளுக்கு முன் காவேரிப்பட்டினத்தில் ஒரு கூட்டம். 'புதுக்கார் மோகம்' என்பது பொருள். ஓசூர் ஆலைகளில் சேர்ந்த பிள்ளைகள் ஓடுகிற வண்டியை ஒதுக்கிவிட்டு ஊர் மெச்சப் புதுவண்டி வாங்குகிறார்கள் என்று முழங்கினேன். முழக்கத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. ஆஞ்சப்பனை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினேன்.

ஆஞ்சப்பன் ஓசூரில் ஓர் உருக்காலைத் தொழிலாளி. தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் குனிந்த குடும்பத்தில் முதன்முதலாகக் கார் வைத்திருப்பவர். இருபத்தைந்து வயதான சின்ன வெள்ளைக் கார். நின்று போனால் இறங்கித் தள்ளுவார், விற்க மாட்டார். "எந்திரம் நின்றாலும் தன்மானம் நிற்காத தோழர்" என்று எழுதினேன். அறிக்கையின் முகப்பில் ஒரு நிழற்படம்: அவரும் நானும் அந்தக் காரைத் தள்ளுகிறோம்.

2

முதல் தொடக்கம்: 'அந்த வெள்ளைக் கார் ஒருமுறை இருமியது, இருமுறை இருமியது, பிறகு மாரியம்மன் கோயில் முனையில் மூச்சை ———'

(அடித்துவிட்டேன். அழகான வாக்கியம், ஆனால் பொய். அந்தக் கார் ஒருநாளும் இருமியதில்லை.)

இரண்டாம் தொடக்கம்: 'கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ——— என்னும் ஊரில்'

(ஊர்ப் பெயரை எழுதினேன், எடுத்துவிட்டேன். அந்த ஊருக்கு அஞ்சி அல்ல. பெயரைப் போட்டால் மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாக மூச்சு விடுவார்கள்.)

ஆகவே மூன்றாவதாக, நடந்தபடியே தொடங்குகிறேன்.

3

ஆஞ்சப்பனின் மகள் யுவஸ்ரீ, ஓசூரில் கார்களுக்கு வயரிங் செய்யும் ஆலையில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். சென்ற தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கைப்பையிலிருந்து அந்தத் துண்டறிக்கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். லேமினேட் செய்யப்பட்டிருந்தது.

"ஐயா, இந்த போட்டோவுல நீங்க எதுக்குச் சிரிக்கிறீங்க?"

"உழைப்பின் மகிழ்ச்சி, அம்மா."

"எங்கப்பா சிரிக்கல. பாத்தீங்களா?"

பார்த்தேன். நான்காண்டுகளில் முதன்முறையாகப் பார்த்தேன்.

"அன்னிக்கு வண்டி எங்க நின்னுச்சு?"

"உங்கள் ஊரில், கோயில் முனையில்."

"எங்க ஸ்டார்ட் ஆச்சு?"

"ஊர்த்தெரு முடிந்து உங்கள் காலனி தொடங்குகிற இடத்தில்."

"அதுக்கு முந்தின தடவ? அதுக்கும் முந்தின தடவ?"

நான் அந்தப் படத்தைக் கவிழ்த்து வைத்தேன். எனக்கு விடை தெரியும் என்பதை அதிலிருந்து அவள் தெரிந்துகொண்டாள். பிறகு சொன்னாள், குரலை உயர்த்தாமல், தரச் சோதனை அறிக்கை படிப்பவளைப் போல.

அவள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அப்பா அந்தக் காரை வாங்கினார். முதல் மூன்று நாள் ஊர்த்தெரு வழியே உட்கார்ந்தபடியே ஓட்டிக்கொண்டு போனார். அந்த மூன்று நாளும் பால் சொசைட்டியில் அவர்கள் வீட்டுப் பாலைத் 'தண்ணி' என்று திருப்பி அனுப்பினார்கள். நான்காம் நாள் வண்டி உண்மையாகவே கோயில் முனையில் நின்றுவிட்டது. மனைவி நஞ்சம்மாவை ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லிவிட்டு இருநூறு தப்படியும் தள்ளிக்கொண்டே போனார். தெரு சிரித்தது. இரண்டு பேர் கைகூடக் கொடுத்தார்கள். மறுநாள் பால் நல்ல பாலாகிவிட்டது.

"அன்னியிலேந்து வண்டி அங்க நிக்கும்யா. தெனமும் நிக்கும்."

ஆஞ்சப்பனின் தந்தை முனிசாமி அதே முனையில் மிதிவண்டியிலிருந்து இறங்கித் தள்ளியவர். இறங்கு என்று மகனுக்கு யாரும் சொன்னதில்லை. இறங்குவதற்கு ஒரு பழைய எஞ்சின் அவருக்குக் காரணம் கொடுத்தது. அந்தக் காரணத்துக்குத் தத்துவம் என்று பெயர் சூட்டி, பொன்னாடையும் போர்த்தி, அச்சடித்து ஊர் ஊராகக் கொடுத்தவன் நான்.

(குறிப்பு: மேடைப் பேச்சாளனுக்கு ஐயம் ஒரு நோய். அவள் சொன்னதைச் சரிபார்க்க, காரைப் பழுது பார்க்கும் நாராயணப்பனிடம் போனேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அந்த வண்டி ஜூஜுவாடி தாண்டி பெங்களூர் வரைக்கும் நிக்காம போவும் சார். அந்த ஒரு தெருவுல மட்டும் நிக்குது. அதுக்கு நான் எந்த பிளக்கை மாத்துறது?")

4

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "புதுவண்டி புக் பண்ணியிருக்கேன். எங்கப்பா வேணாங்கறாரு. கேட்டா உங்க நோட்டீஸைக் காட்டறாரு. வந்து, எழுதினது தப்புன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

"நான் விரிவாகவே பேசுகிறேன், அம்மா."

"வேணாங்கய்யா. விரிவா பேசித்தான் இப்படி ஆச்சு."

போனேன். சொன்னேன். என் வாழ்நாளின் மிகச் சிறிய சொற்பொழிவு அது. ஆஞ்சப்பன் பதறிப்போனார்.

"தப்புன்னு சொல்லாதீங்க ஐயா. அதை வெச்சித்தான் நாலு பேருகிட்ட பதில் சொல்லிகினு இருக்கறேன்."

"உங்களுக்குப் புதுவண்டி பிடிக்கவில்லையா, தோழர்?"

அவர் மகளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "பழசுன்னா நிக்கும். புதுசு நிக்காதே ஐயா."

நஞ்சம்மா அடுப்படியிலிருந்து சொன்னார்: "எனக்கும் கை வலிக்குது. வண்டி ஓட்டத் தெரியாதவள டிரைவர் சீட்டுல குந்த வெச்சி எத்தினி வருசம்."

ஆஞ்சப்பன் ஒப்புக்கொண்டது என் சொல்லுக்காக அன்று. அந்தக் கை வலிக்காக என்றே நினைக்கிறேன். (நினைக்கிறேன் என்று எழுதுவதற்கு நாற்பதாண்டுகள் ஆயின. மேடையில் எப்போதும் அறிவேன் என்றே சொல்லிவந்திருக்கிறேன்.)

5

இந்த இடத்தில் கதைக்கு ஒரு கொடியவன் தேவை. வெங்கடப்பனை எடுத்துக்கொண்டேன்: ஊர்த்தெருவில் பெரிய நிலக்காரர், பால் சொசைட்டித் தலைவர். அவருக்கு முறுக்கிய மீசை வைத்தேன், எடுத்துவிட்டேன். உரத்த குரல் கொடுத்தேன், எடுத்துவிட்டேன். உண்மையில் அவர் மென்மையாகப் பேசுகிறவர். ஆஞ்சப்பனின் முழங்கால் வலிக்குத் தைலம் கொடுத்தனுப்பியவர். அந்த வலி எதனால் வந்தது என்று அவருக்குத் ———

(தெரியும் என்று எழுதுவதா, தெரியாது என்று எழுதுவதா? எதை எழுதினாலும் அவருக்கு நான் ஏதோ ஒரு சலுகை செய்ததாகிவிடும்.)

6

பங்குனியில் ஓசூர்க் கடையில் புதுவண்டியைக் கொடுத்தார்கள். பழையதை அங்கேயே மாற்றுக்கு எடுத்துக்கொண்டார்கள். நான்கு சக்கரங்களிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகு ஆஞ்சப்பன் ஓட்ட, பக்கத்தில் யுவஸ்ரீ, பின்னால் நஞ்சம்மாவும் நானும். "ஐயா கூட இருந்தா ஒரு தெம்பு" என்று ஆஞ்சப்பன்தான் என்னை அழைத்திருந்தார். நெடுஞ்சாலையில் அவர் ஒருமுறை சீழ்க்கை அடித்தார். நஞ்சம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பிற்பகல் மூன்று மணிக்குக் கோயில் முனை வந்தது.

வண்டி வேகம் குறைந்தது. நின்றது. சாவியைத் திருகி அணைத்தது அவர் கைதான். நாங்கள் மூவரும் பார்த்தோம்.

"என்னமோ இழுக்குதும்மா" என்றார். அறுபத்து மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடிய வண்டி.

"அப்பா."

"நீ ஸ்டியரிங் புடி கண்ணு. தோ, ரெண்டு நிமிசம்."

இறங்கிப் பின்னால் போனார். யுவஸ்ரீ ஓட்டுநர் இருக்கைக்கு மாறினாள். வண்டி மெல்ல நகர்ந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அப்பால், ஒரு முழத் தொலைவில், அவர் முகம். அந்தப் படத்தில் நான் பார்க்கத் தவறிய முகம். வண்டிக்குள் குளிர்காற்று இன்னும் மிச்சமிருந்தது.

சொசைட்டி வாசலிலிருந்து வெங்கடப்பன் இறங்கி வந்தார்.

"என்ன ஆஞ்சப்பா, புதுசுமா மக்கர் பண்ணுது?"

"ஆமாங்க சாமி."

"இப்பல்லாம் வண்டி வெறும் பிளாஸ்டிக் டப்பாதான்டா. உன் பழசு கெட்டி. டேய் பசங்களா, ஒரு கை குடுங்கடா அவனுக்கு."

அந்தக் குரலில் நஞ்சில்லை. அதுதான் என்னைக் கொன்றது. நான் கதவைத் திறக்கக் கை நீட்டினேன். இறங்கினால் நானும் தள்ளியாக வேண்டும். அதை ஒருமுறை செய்தாயிற்று. உட்கார்ந்திருந்தால் அவர் என்னையும் சேர்த்துத் தள்ளுகிறார். நஞ்சம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"குந்துங்க ஐயா."

முன்னாலிருந்து யுவஸ்ரீ திரும்பாமலே சொன்னாள்: "இப்ப எதுவும் பேசாதீங்க."

சாவியைத் திருகினாள். எஞ்சின் சத்தமே இல்லாமல் உயிர்பெற்றது. வண்டி தானாக முன்னால் போனது. இருபது தப்படி தள்ளி, நடுத்தெருவில் நிறுத்தினாள். குறுக்கே சாய்ந்து பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்துவிட்டாள்.

7

முடிவு, முதல் வடிவம்: ஆஞ்சப்பன் நிமிர்ந்து நடந்து வந்து ஏறி அமர்கிறார், தெரு வாயடைத்து ———

(கூட்டம் எழுந்து நின்று கைதட்டும். கூட்டம் கலைந்த பிறகு அந்தக் குடும்பம் அதே ஊரில்தான் பால் கறக்க வேண்டும்.)

இரண்டாம் வடிவம்: அவர் மகளைத் திட்டிவிட்டு, வயல் வரப்பைச் சுற்றி வீட்டுக்கு நடக்கிறார். அன்றிலிருந்து அந்தப் புதுக்கார் நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்கில் ———

(நடக்கக்கூடியது. எழுத எழுத விரல் கூசுகிறது.)

மூன்றாம் வடிவம்: மறுநாள் பால் திரும்பி வருகிறது. அதற்கு மறுநாளும். யுவஸ்ரீ கேனைத் தூக்கிக்கொண்டு ———

மூன்றையும் எழுதிவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தேன். அந்த மனிதரை ஒருமுறை எழுதியவன் நான். என் எழுத்துக்கு இணங்க நான்காண்டுகள் தள்ளினார். இன்னொரு முறை அவர் காலை எடுத்து நான் வைக்கமாட்டேன்.

ஆகவே, வாசகரே, கதை அங்கேயே நிற்கிறது. நீங்களும் அந்தத் தெருவில்தான் எங்கோ இருக்கிறீர்கள்: சொசைட்டி வாசலிலோ, கை கொடுக்க வந்த பையன்கள் நடுவிலோ, என்னோடு பின்னிருக்கையிலோ. மீதி இருபது தப்படியை அவர் உங்கள் கண்ணெதிரேதான் நடக்க வேண்டும்.

கதவு திறந்திருக்கிறது. யுவஸ்ரீ முன்கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நஞ்சம்மா என் மணிக்கட்டை விடவில்லை. தெருவின் நடுவே ஆஞ்சப்பன் நிற்கிறார். அவருக்கு முன்னால் வண்டி இல்லை. கைகள் மட்டும் இன்னும் தள்ளுகிற உயரத்திலேயே இருக்கின்றன.